பிளாவும் பேணியும் கிளாசும்: யாழ்ப்பாணத்துக் குடிகலங்களும் சமுதாயமும்

மக்கள் எதனைக் குடித்தனர் என்பதை ஆராய்ந்த அளவிற்கு, எதிற் குடித்தனர் என்பதை வரலாற்றாசிரியர்கள் ஆராய்ந்தாரல்லர். ஆயினும் ஒரு சமுதாயத்தின் தொழில்நுட்பம், வாணிகத் தொடர்பு, சுவையுணர்வு, ஏற்றத்தாழ்வு ஆகியவற்றை ஒருங்கே காட்டவல்ல சான்றாகக் குடிகலம் அமைகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வழங்கிய பனையோலைப் பிளா, பித்தளை மூக்குப்பேணி, கண்ணாடிக் கிளாசு ஆகிய மூன்றனையும் ஒப்புநோக்கின், கலத்தைத் தெரிவதிற் பானத்தின் இயல்பைவிடக் குடிப்பவரின் சாதியே நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தமை புலனாகும்.

கலத்தெரிவு பானத்தின் இயல்பை ஒட்டி வளர்ந்தமைக்கு ஐரோப்பாவின் சாம்பேன் மது சிறந்த எடுத்துக்காட்டாகும். நொதித்தலால் உண்டாகும் கரியமிலவாயு குமிழிகளாக எழுவதே அம்மதுவின் தனிச்சிறப்பு. அகன்று ஆழங்குறைந்த கிண்ணம் முன்னர் பெரிதும் விரும்பப்பட்டது. ஆயின் பரப்பு அகன்றிருந்தமையால் வாயு அதிலிருந்து விரைந்து வெளியேறிற்று. பின்னர் ஒடுங்கி உயர்ந்த கிளாசு அதனிடத்தைப் பெற்றது. அது குமிழிகளைக் காத்ததெனினும் மணம் விரிய இடமளிக்கவில்லை. எனவே நடுவிற் பருத்து வாய் சற்று ஒடுங்கிய கிளாசே ஏற்றதென அண்மைக்காலச் சுவைஞர் பலர் கருதுகின்றனர். அங்கு எழுந்த விவாதத்திற் குமிழியும் மணமுமே பேசுபொருளாயின.

தமிழ் மக்களிடையே மதுவும் கலமும் பற்றிய குறிப்புகள் சங்ககாலந்தொட்டே கிடைக்கின்றன. யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்திப் பாண்டியனுக்கு மகளிர் ஊட்டியதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலிற் குறிப்பிடுகின்றார். 1945இல் மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடாத்திய அகழ்வில் மத்தியதரைக்கடற் பகுதியைச் சேர்ந்த மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தமை அவ்வாணிகத்தை உறுதிப்படுத்துகின்றது. குடாநாட்டின் கந்தரோடையிலும் போல் பீரிஸ் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இரண்டாம் தசாப்தத்தில் மேற்கொண்ட ஆய்வும், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் நடாத்திய அகழ்வும் பண்டைய மட்கலங்களையும் கடல்கடந்த தொடர்பினையும் வெளிப்படுத்தின. ஆயின் பொற்கலம் அரசனுக்கே உரியது. பொதுமக்களின் கலம் மண்ணாலும் ஓலையாலும் ஆனது. ஓலை அகழ்வில் எஞ்சுவதில்லை.

யாழ்ப்பாணத்தின் பொதுமக்கள் பானம் பனங்கள்ளே. பாளையைச் சீவி அதிற் கட்டிய முட்டியிற் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்பட்டு இனிய கருப்பநீர் கிடைக்கும். பூசாதுவிடின் காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதியங்கள் சில மணிநேரத்திற் சாற்றைக் கள்ளாக்கிவிடும். அப்போது எழும் நுரையும் கரியமிலவாயுவினாலேயே உண்டாகின்றது. வேதியியல் நோக்கிற் பிரான்சியப் பிரபுவின் மதுவும் தவறணையில் விற்ற கள்ளும் இவ்வகையில் உறவினவே.

இக்கள்ளுக்கு ஏற்ற கலமாக அமைந்தது பிளா. பனையோலையைக் குழிவாகக் கோலிக் கட்டிச் செய்யப்படும் இக்கலத்தின் அகன்ற வாயினூடாக வாயு விரைந்து வெளியேறும் என்பது உண்மையே. ஆயின் கள் அடைத்து வைக்கப்படும் பானமன்று. இறக்கிய அன்றே குடித்து முடிக்கப்படுவது. எனவே வாயுவைக் காக்கவேண்டிய தேவை எழவில்லை. ஒடியற்கூழையும் இதே பிளாவில் அருந்தும் வழக்கம் உண்டு. பானம் தந்த மரமே கலமும் தந்தமை பிளாவின் முதற்சிறப்பு. ஒருமுறை பயன்பட்டபின் எறியப்படுவது அதன் இரண்டாஞ் சிறப்பு. இவ்விரண்டாஞ் சிறப்பின் சமூகப்பொருள் ஆழமானது. முன்னர் எவரும் வாய்வையாத கலத்தில் எச்சில் என்ற வினாவுக்கே இடமில்லை. மரமேறும் தொழிலாளியின் கைபட்ட கள்ளை உயர்சாதியினர் எனப்பட்டோர் தயக்கமின்றிக் குடித்தனர். தீண்டாமை கள்ளைத் தீண்டவில்லை.

நிலைத்த கலம் வந்தவிடத்து நிலைமை மாறிற்று. மூக்குப்பேணி என்பது பக்கத்தில் மூக்குப் பொருந்திய பித்தளைப் பாத்திரமாகும். அண்ணாந்து, மூக்கின்வழி நீரை வாயில் ஊற்றிக் குடிப்பதால் உதடு கலத்திற் படுவதில்லை. பலர் மாறிமாறிக் குடிக்கும் பாத்திரத்தைத் துப்புரவாக வைத்திருக்க உதவிய இவ்வமைப்பு கைவினைஞரின் நுண்ணறிவுக்குச் சான்று. எனினும் அதே பாத்திரம் வீட்டுக்கு வந்த அனைவருக்கும் நீட்டப்படவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டையிலோ, குவித்த கைகளிலோதான் நீர் வார்க்கப்பட்டது. உதடு படாத கலத்துக்கும் விலக்கு இருந்தது எனின், அவ்விலக்குக்குச் சுகாதாரத்தைக் காரணங்காட்டுதல் பொருந்தாது.

அந்நியர் ஆட்சியின் சுவடுகள் குடிகலப் பெயர்களிலும் பதிந்துள்ளன. 1619இற் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயரும் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கோப்பை என்ற சொல் போர்த்துக்கேய மொழிவழி வந்ததென்பர். போத்தல், கிளாசு ஆகியனவும் ஐரோப்பியத் தொடர்பின் விளைவுகளே. தொடக்கத்தில் வசதிபடைத்தோரின் பொருளாயிருந்த கண்ணாடிக்கலம், இருபதாம் நூற்றாண்டிலே தேநீர்க்கடைகள் பெருகியபோது பொதுக்கலமாயிற்று. சூடான தேநீருக்கு ஓலைப் பிளா ஏற்றதன்று. ஒருவர் குடித்த கிளாசைக் கழுவி மற்றவருக்குக் கொடுப்பதே கடையின் நடைமுறை. இவ்வாறு, வீட்டினுள் மறைந்திருந்த கலவேறுபாடு சந்தியிலே வெளிப்பட்டது.

தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாங்கிலில் அமர அனுமதிக்கப்படவில்லை. அவர்களுக்குத் தேநீர் போத்தலிலோ தகரப்பேணியிலோ வழங்கப்பட்டது. கிளாசும் கண்ணாடி, போத்தலும் கண்ணாடி. பொருள் ஒன்றாயினும் வடிவமே சாதியை அறிவித்தது. ஐரோப்பியச் சுவைஞன் மதுவின் மணங்கருதிக் கிளாசைத் தெரிந்தான். இங்கோ குடிப்பவனுக்குத் தெரியும் உரிமையே மறுக்கப்பட்டது. விலை மட்டும் அவனிடமிருந்தும் பெறப்பட்டது.

இந்நிலைக்கெதிரான குரல் படிப்படியாக எழுந்தது. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரசு தீண்டாமையை எதிர்த்தது. பாடசாலைகளிற் சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கைகள் அக்காலப்பகுதியில் வலுப்பெற்றன. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொதுவிடங்களிற் சாதியின் பேரால் அனுமதி மறுத்தலைக் குற்றமாக்கிற்று. ஆயினும் சட்டம் ஏட்டிலிருக்க, போத்தல் கடையிலிருந்தது. 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து யாழ்நகர் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் புதிய கட்டத்தைத் தொடக்கிவைத்தது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானை முதலிய ஊர்களில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடைபெற்றன, உயிர்களும் பலியாயின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலும் போராட்டம் மூண்டது. இவ்வியக்கத்தில் முன்னின்ற கே. டானியல், 1972இல் வெளிவந்த ‘பஞ்சமர்’ நாவலில் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வையும் எழுச்சியையும் இலக்கியமாக்கினார்.

ஒரு கிளாசுத் தேநீருக்காக உயிர்கொடுக்க வேண்டுமா என்ற வினா எழலாம். வினாவின் பொருள் தேநீரன்று. கோயிலுக்கு ஒருவன் விழாநாளிற் செல்வான்; கடைக்கோ நாள்தோறும் செல்கின்றான். நாள்தோறும் கையிலேந்தும் கலமே அவனது இழிநிலையை அவனுக்கும் சூழ நின்றோருக்கும் நினைவூட்டிக்கொண்டிருந்தது. எனவே தேநீர்க்கிளாசுக்கான போராட்டம் மனித மதிப்புக்கான போராட்டமேயாயிற்று.

போராட்டங்களின் விளைவாகக் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துவிடப்பட்டன. தனிப்போத்தல் வழக்கமும் படிப்படியாக மறைந்தது. மூக்குப்பேணி அன்றாட வழக்கொழிந்து, பழம்பொருளாகப் போற்றப்படுகின்றது. கள்ளும் போத்தலில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்துள்ளது. பழங்கலங்களைத் தேடிச் சேகரித்தல் நன்றே. அவற்றின் வடிவழகை வியத்தலும் தகும். ஆயின் பேணியைக் காட்சிக்கு வைப்போர் அதனருகே ஒரு சிரட்டையையும் ஒரு போத்தலையும் வைப்பாராயின், அதுவே யாழ்ப்பாணத்துக் குடிகலங்களின் முழுமையான வரலாறாக அமையும்.