ஒலிநாடாவிலிருந்து இணையத்திற்கு: ‘டெட்ஹெட்’ இரசிகர் சமூகத்தின் வரலாறு

முன்னுரை

1991ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிளானட் டிரம்’ என்னும் தாள இசைத்தொகுப்பில் கடக் கலைஞர் விக்கு விநாயக்ராம், தபலாக் கலைஞர் சாகிர் உசேன் ஆகியோரின் வாசிப்பு இடம்பெற்றுள்ளது. உலக இசைக்கான கிராமி விருதைப் பெற்ற அத்தொகுப்பை உருவாக்கியவர் மிக்கி ஹார்ட். இவர், 1965ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தோன்றிய ‘கிரேட்ஃபுல் டெட்’ என்னும் ராக் இசைக்குழுவின் தாளக் கலைஞர்களுள் ஒருவர். இந்திய இசை பயில்வோர் பலர் அக்குழுவின் பெயரை இவ்வழியாகவே அறிந்திருப்பர்.

அக்குழுவின் இசையைப் போலவே அதன் இரசிகர்களின் வரலாறும் ஆய்வுக்குரியதாகும். ‘டெட்ஹெட்’ என அழைக்கப்படும் இவர்கள், வைய விரிவு வலை தோன்றுவதற்கு முன்பே கணினிவழிக் கூடியவர்கள். குழு கலைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கூடிவருபவர்கள். இச்சமூகம் நிலைபெற்றமைக்குக் கணினித் தொழில்நுட்பத்தைவிட, அதற்கு முன்பே இவர்களிடம் வேரூன்றியிருந்த கொடை நெறியே காரணம் என்பது நம் கருத்தாகும். அதனை இக்கட்டுரையில் காண்போம்.

ஒலிநாடாப் பரிமாற்றம்

கிரேட்ஃபுல் டெட் குழுவினர் 1995ஆம் ஆண்டு வரை 2,300க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்தினர். பாடல் வரிசை நாள்தோறும் மாறியது. மேடையிலேயே கற்பனையை விரித்து வாசிப்பது அவர்களின் வழக்கம். ஆதலால், ஒரு நிகழ்ச்சியைக் கேட்டவருக்கு அடுத்த நிகழ்ச்சியையும் கேட்க வேண்டிய தேவை இருந்தது. நேரில் செல்ல இயலாதவர்களுக்கு ஒலிப்பதிவே வழியாயிற்று.

1971ஆம் ஆண்டு வெளிவந்த இசைத்தட்டு ஒன்றின் உறையில், இரசிகர்கள் தம் பெயரையும் முகவரியையும் அனுப்புமாறு குழுவினர் கேட்டுக்கொண்டனர். அஞ்சல்வழித் தொடர்பு இவ்வாறு தொடங்கியது. அதே காலப்பகுதியில், அரங்கில் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்த இரசிகர்கள் தமக்குள் ஒலிநாடாக்களைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கினர். 1984ஆம் ஆண்டு அக்டோபரில் பதிவு செய்வோருக்கென அரங்கில் தனி இருக்கைப் பகுதியையே குழுவினர் ஒதுக்கினர். பதிவு செய்யலாம், பகிரலாம்; ஆனால் விற்றல் கூடாது என்பதே விதி.

இப்பரிமாற்றம் சில ஒழுங்குகளை வளர்த்தது. பரிமாறுவதற்கு எதுவும் இல்லாத புதியவர், வெற்று நாடாவையும் திரும்ப அனுப்புவதற்கான அஞ்சல் செலவையும் அனுப்பினால் போதும். படி எடுத்துத் தருவோர் உண்டு. படிக்குப் படி இரைச்சல் கூடுமாதலால், இது எத்தனையாவது படி, எக்கருவியால் பதிவானது, எந்நாள், எவ்வூர் என்னும் குறிப்புகள் நாடாவுடன் செல்ல வேண்டியிருந்தது. ஏட்டுச்சுவடியின் மூலப்படியையும் வழிப்படிகளையும் ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் மரபை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று. 1987ஆம் ஆண்டு வெளிவந்த ‘டெட்பேஸ்’ என்னும் நூல், நிகழ்ச்சிதோறும் பாடப்பட்ட பாடல்களை வரிசைப்படுத்தித் தந்தது. பல இரசிகர்களின் குறிப்புகள் ஒன்றுசேர்ந்து உருவான ஆவணம் அது.

கணினிவழிக் கூடல்

1970களிலேயே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் இவ்விரசிகர்களுக்கென மின்னஞ்சல் குழு ஒன்று இயங்கியது. குழு தோன்றிய வட்டாரமும் கணினி ஆய்வு வளர்ந்த வட்டாரமும் ஒன்றாய் இருந்தமை இதற்குத் துணைசெய்தது. 1980களில் யூஸ்நெட் வலையமைப்பிலும் இவர்களுக்கெனச் செய்திக்குழு அமைந்தது.

1985ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ‘தி வெல்’ என்னும் கணினி உரையாடல் சேவை தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, வானொலி நிகழ்ச்சியாளர் டேவிட் கேன்ஸ் உள்ளிட்டோர் அதில் டெட்ஹெட்களுக்கென உரையாடற் பகுதி ஒன்றைத் திறந்தனர். பயன்படுத்தும் நேரத்திற்கேற்பக் கட்டணம் செலுத்த வேண்டிய காலம் அது. எனினும், கணினிப் பழக்கம் இல்லாதோர்கூட இணக்கி வாங்கி இதில் இணைந்தனர். தொடக்க ஆண்டுகளில் அச்சேவையைத் தாங்கி நின்ற முதன்மை வருவாய் இவர்களிடமிருந்தே வந்தது என ஹோவர்டு ரைன்கோல்டு தம் 1993ஆம் ஆண்டு நூலில் குறிப்பிடுகின்றார். குழுவின் பாடலாசிரியர்களுள் ஒருவரான ஜான் பெர்ரி பார்லோ இங்குப் பங்கேற்றவர். 1990ஆம் ஆண்டு, மின்வெளி உரிமைகளுக்கான ‘எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன்’ அமைப்பைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். கணினி இவர்களை அறிமுகப்படுத்தவில்லை. முன்பே அஞ்சலிலும் அரங்க வாயிலிலும் பழகியவர்களுக்கு அது விரைவான வழியைத் தந்தது; அவ்வளவே.

காப்பகமும் 2005ஆம் ஆண்டுப் பிணக்கும்

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் குழுவின் முதன்மைக் கலைஞர் ஜெர்ரி கார்சியா மறைந்தார். அவ்வாண்டு இறுதியில் குழு கலைந்தது. நிகழ்ச்சிகளைச் சார்ந்த சமூகம் அதனுடன் கலைந்திருக்கலாம். ஆனால், சேர்ந்துள்ள பதிவுகளைக் காக்கும் பணி எஞ்சியிருந்தது. 1998ஆம் ஆண்டு தோன்றிய ‘இட்ரீ’ என்னும் தன்னார்வலர் அமைப்பு, ஒலித்தரம் குன்றாத கோப்புகளாகவே பதிவுகள் பகிரப்பட வேண்டும் என்னும் ஒழுங்கை வகுத்தது. இதன் ஒத்துழைப்புடன் 2002ஆம் ஆண்டு ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ நிறுவனம் நேரடி இசைக் காப்பகத்தைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பதிவுகள் அதனைச் சேர்ந்தன.

2005ஆம் ஆண்டு நவம்பரில் குழுவின் தரப்பினர் இப்பதிவுகளைப் பதிவிறக்கும் வசதியை நீக்கச் செய்தனர். இரசிகர்கள் திகைத்தனர். இசை குழுவினருடையது; சட்டப்படி அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால், ஒலிவாங்கியைச் சுமந்து சென்று பதிந்தவர்களும் இருபது முப்பது ஆண்டுகள் படியெடுத்துக் காத்தவர்களும் இரசிகர்களே. விற்காதீர் என்ற விதியைக் காத்தவர்களிடமிருந்து அப்பதிவுகள் விலக்கப்படுவது முறையா என அவர்கள் வினவினர். புறக்கணிப்பு விண்ணப்பம் ஒன்று பரவியது. பார்லோ வெளிப்படையாக எதிர்த்தார். சில நாட்களில் உடன்பாடு வந்தது. அரங்கிலிருந்து இரசிகர்கள் பதிந்தவை மீண்டும் பதிவிறக்கத்திற்குக் கிடைத்தன. குழுவின் ஒலிப்பலகையிலிருந்து நேரடியாகப் பதியப்பட்டவை கேட்பதற்கு மட்டும் எனக் கட்டுப்படுத்தப்பட்டன. இப்பகுப்பு, சட்டத்தைவிட உழைப்பை அளவுகோலாகக் கொண்டது எனலாம்.

2008ஆம் ஆண்டு குழுவினர் தம் ஆவணங்களைச் சாண்டா குரூஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினர். 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இணையவழிக் காப்பகத்தில் இரசிகர்களும் தம்மிடமுள்ளவற்றைச் சேர்க்க இடமளிக்கப்பட்டது.

முடிவுரை

இவ்வரலாற்றில் ஒலிநாடா மறைந்தது, குறுவட்டு வந்து தேய்ந்தது, யூஸ்நெட் செல்வாக்கிழந்தது. சமூகமோ ஒவ்வொரு முறையும் அடுத்த கருவிக்குக் குடிபெயர்ந்தது. அது சுமந்து சென்றவை மூன்று: விற்காமல் கொடுத்தல், மூலத்தைக் குறித்தல், புதியவரை வெறுங்கையுடன் அனுப்பாமை. குழுவினர் தம் படைப்பின் ஒரு பகுதியை இரசிகர்களின் பொறுப்பில் விட்டதும் இன்றியமையாத காரணமாகும். காக்க ஒரு பொருள் இருந்தமையால் கூட ஒரு காரணம் இருந்தது.

இணையத்தில் வாசகர் வட்டங்களையும் மாணவர் குழுக்களையும் தொடங்கும் தமிழாசிரியர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம். தளம் அமைப்பது ஒரு நாள் வேலை. அங்கு வருவோர் தம் கையால் செய்து பிறருக்குக் கொடுக்க வேண்டிய பணி எது என்பதை முதலில் வரையறுத்தால், அக்குழு தளத்தைக் கடந்தும் வாழும்.