பாஸ் அவுட்

வேலை விளம்பரங்களில் '2022 பாஸ் அவுட்' என்று பார்த்திருப்பீர்கள். அந்த ஆண்டு படிப்பை முடித்தவர் என்று நமக்குச் சட்டென்று புரிந்துவிடும். 'ஐ பாஸ்டு அவுட் இன் 2022' என்று ஓர் அமெரிக்கரிடம் சொல்லிப் பாருங்கள். மயங்கி விழுந்ததாகவே எடுத்துக்கொள்வார். குடித்திருந்தீர்களா என்றுகூடக் கேட்கலாம். வெயிலில் நெடுநேரம் நின்றவர், ரத்தத்தைக் கண்டவர், அளவு மீறிக் குடித்தவர் என யார் நினைவிழந்தாலும் அங்கே இந்தத் தொடர்தான்.

அதற்காக நம் வழக்கைத் தவறென்று தள்ளிவிட முடியாது. பிரிட்டிஷ் ராணுவத்தில் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கும் இதே சொல்தான். டேராடூன் ராணுவ அகாடமியிலும் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் நிறைவு அணிவகுப்புக்கு 'பாசிங் அவுட் பரேட்' என்றே பெயர். (கொளுத்தும் வெயிலில் நடந்தால் இரண்டு பொருளும் ஒருசேர நிகழ வாய்ப்புண்டு.) ஆளையே 'ஒரு பாஸ் அவுட்' என்று பெயர்ச்சொல்லாக்கியது இந்திய ஆங்கிலத்தின் கைவண்ணம்.

பின்னால் ஒரு பொருளின் பெயர் வந்தால் கதையே வேறு: 'பாஸ் அவுட் த பேப்பர்ஸ்' என்றால், தாள்களை எல்லோருக்கும் கொடு.

வெளிநாட்டுக்குப் போகும் விண்ணப்பம் என்றால் 'கிராஜுவேட்டட்' என்று எழுதிவிடுங்கள்.