செருப்புக்கு அனுமதி இல்லை: மவுண்ட் ரோட்டுக் கதவுகள்

போன டிசம்பரில் அத்தை பையன் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தான். என்னைவிட ஆறு வயது சின்னவன். "அத்தான், இன்ஸ்டாகிராம்ல காட்டுதாங்கள்லா, நீல லைட்டு, பாட்டு எல்லாம் போட்டு, அப்படி ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றான். சரி என்று சனிக்கிழமை ராத்திரி ஒரு நட்சத்திர ஓட்டல் பாருக்குக் கிளம்பினோம். ஓட்டல் பெயர் வேண்டாம். என் ஆபீஸ் நண்பர்கள் முன்னாடியே உள்ளே போய் உட்கார்ந்திருந்தார்கள்.

வாசலில் நின்றவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். நான் ஷூ. அவன் செருப்பு, அதுவும் ஊரிலிருந்து கிளம்பும் முன் இதற்காகவே வாங்கிய புதுத் தோல் செருப்பு. "சார், ஷூ இல்லாம விட முடியாது. ரூல்ஸ்." எவ்வளவு கேட்டும் அதே பதில்தான்.

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "கோயில்ல செருப்பக் கழட்டிட்டு வாங்கன்னு சொல்லுவாங்க. இங்க செருப்போட சேத்து ஆளையே கழட்டி விட்டுட்டாங்களே, அத்தான்!"

நானும் சிரித்தேன். அதோடு திரும்பி வந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. "பத்து நிமிஷம் வெளிய நில்லுடா மாப்ள, ஒரு ஹலோ சொல்லிட்டு வந்துடறேன்" என்று நான் உள்ளே போனேன். வெளியே வந்தபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அவன் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அதற்கப்புறம் சென்னையின் 'நாகரிகமான' இடங்களைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். அங்கே என்ன சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள் என்பதைவிட ஒரே ஒரு கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: வாசலில் யாரை நிறுத்தினார்கள்? பெரும்பாலும் மவுண்ட் ரோட்டையும் அதன் பக்கத்துத் தெருக்களையும் சுற்றியே பதில்கள் கிடைக்கின்றன. அதனால் அந்த வழியாகவே போவோம்.

மாலுக்கு அடியில் ஒரு கிளப்

ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் இருக்கிறதே, அந்த இடத்தில் ஒரு காலத்தில் மெட்ராஸ் கிளப் இருந்தது. 1832-இல் தொடங்கியது. கம்பெனி அதிகாரிகள், ராணுவத்தினர், பெரிய வியாபாரிகள் எல்லோரும் கூடிச் சாப்பிட, குடிக்க, சீட்டாட, தங்க ஓர் இடம். அதற்கு ஒரு செல்லப் பெயரும் உண்டு: 'ஏஸ் ஆஃப் கிளப்ஸ்'. இங்கிலீஷ் சீட்டுக்கட்டில் கிளாவருக்கும் 'கிளப்' என்றுதான் பெயர், அதை வைத்து ஒரு சிலேடை.

நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இந்தியர் யாரும் உறுப்பினராக முடியவில்லை. இந்தியர் உள்ளே போகவே இல்லை என்று அர்த்தம் இல்லை. தினமும் போனார்கள். சமைத்தவர்கள், பரிமாறியவர்கள், கோட்டை வாங்கி மாட்டியவர்கள், வண்டிக் கதவைத் திறந்துவிட்டவர்கள் எல்லாம் இந்த ஊர்க்காரர்கள்தான். நாற்காலியில் உட்காருவது மட்டும்தான் கூடாது.

சுதந்திரத்தை ஒட்டி அந்த இடம் இந்தியன் எக்ஸ்பிரஸ் ராம்நாத் கோயங்காவின் கைக்கு வந்தது. 'எக்ஸ்பிரஸ் எஸ்டேட்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். கிளப் இடம் மாறி, 1963-இல் அடையாறு கிளப்போடு இணைந்து, இப்போது அடையாற்றங்கரையில் இருக்கிறது. பழைய இடத்தில் 2010-இல் மால் திறந்தது. அந்த மாலுக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

உள்ளே விடாதவர்களுக்கு எதிராக மெட்ராஸ் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? தாங்களும் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். 1873-இல் தொடங்கிய காஸ்மோபாலிடன் கிளப் இன்றும் மவுண்ட் ரோட்டில் இருக்கிறது. பெயரே 'எல்லோரும் சேர்ந்து இருக்கும் இடம்' என்று சொல்கிறது. வக்கீல்கள், நீதிபதிகள், ஜமீன்தார்கள், திவான்கள் அங்கே உறுப்பினர்களாக இருந்தார்கள். தோல் நிறத்தை வைத்து மூடிய கதவுக்கு இது சரியான பதில்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இதற்கும் ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவைத் திறக்க இங்கிலீஷும் சொத்தும் சிபாரிசும் வேண்டும்.

காசு கேட்ட கதவு

கிளப்புக்கு உறுப்பினர் சீட்டு வேண்டும், ஓட்டலுக்குக் காசு போதும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய பாணி ஓட்டல்கள் மவுண்ட் ரோட்டுப் பக்கம் வர ஆரம்பித்தன. கன்னிமரா அதில் ஒன்று. 1886 முதல் 1890 வரை கவர்னராக இருந்த கன்னிமரா பிரபுவின் பெயர்தான் அதற்கு.

எனக்குப் பிடித்தவர் ஜாக்கமோ டி'ஏஞ்சலிஸ். மிட்டாய், கேக் வியாபாரத்தில் தொடங்கி, மவுண்ட் ரோட்டில் ஊரே பேசும் ஓட்டல் ஒன்றை நடத்தியவர். 1910-இல் சொந்தமாக ஒரு விமானத்தை வடிவமைத்து, சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டு கட்டி, அதைப் பறக்கவும் விட்டார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, இங்கே ஓர் ஓட்டல்காரர் பறந்துவிட்டார்!

பலகை மாட்டிய கதவு

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் வரலாற்றைப் பாதியாகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். வெள்ளைக்காரன் கதவைப் பற்றிக் கோபப்படுவது சுலபம். நம்ம கதவு?

அதே காலத்தில் ஊரெங்கும் இருந்த காபி கிளப்புகளிலும் சாப்பாட்டு ஓட்டல்களிலும் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில்கூட அப்படித்தான். அதை எதிர்த்துப் பெரியார் தரப்பு நடத்திய போராட்டத்துக்குப் பிறகு 1941-இல்தான் ரயில் நிலையங்களில் அந்தப் பிரிவினை போனது. தலித் மக்களுக்கோ தனி அறைகூடக் கிடையாது, பெரும்பாலும் வாசலோடு சரி.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் எதைக் காட்டியும் ஒருவரைக் கடைகளுக்குள்ளோ, பொது உணவு விடுதிகளுக்குள்ளோ, ஓட்டல்களுக்குள்ளோ, பொழுதுபோக்கு இடங்களுக்குள்ளோ வராதே என்று தடுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஓட்டலைப் பற்றி எழுத வேண்டி வந்தது. வாசலில் நின்று திரும்பிய அனுபவம் அத்தனை பேருக்கு இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சட்டம் வந்த பிறகும் பலகை போகவில்லை. 'பிராமணாள்' என்ற சொல் ஓட்டல் பெயர்ப்பலகைகளில் தொடர்ந்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் திராவிடர் கழகத்தினர் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து போனது.

மது இல்லாத நைட் கிளப்

1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. அதற்கப்புறம் சட்டப்படி குடிக்க வேண்டுமென்றால் பர்மிட் வேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்கும், உடல்நிலைக்கு அவசியம் என்று சான்று வைத்திருப்பவர்களுக்கும்தான் பர்மிட் கிடைக்கும். 'பர்மிட் ரூம்' என்ற வார்த்தையே அப்படி வந்ததுதான். ஆக, இப்போது கதவில் நின்றது அரசாங்கம்.

ஆனால் அந்த வறண்ட காலத்தில்தான் மவுண்ட் ரோடு எனக்கு மிகவும் பிடித்தமாதிரி இருந்திருக்கிறது. 1951-இல் புகாரி ஓட்டல் வந்தது. சிக்கன் 65 தங்கள் அடுப்பில் பிறந்தது என்று இன்றுவரை சொல்லிக்கொள்ளும் இடம். 1962-இல் ஜெமினி பக்கம் கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் வந்தது. அதைத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ், உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து சமையலறை எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். காரில் வருபவர்களுக்கு ஜன்னலிலேயே தட்டை மாட்டி தோசை தருவார்கள். கார் இல்லையா, நடந்து உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிடலாம். மரத்தடியில் ஒரு காபியை வைத்துக்கொண்டு சினிமாக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள்.

1964-இல் அதே ஜெமினி பக்கம் சஃபையர் தியேட்டர் வந்தது. ஒரே வளாகத்தில் சஃபையர், ப்ளூ டயமண்ட், எமரால்ட் என்று மூன்று அரங்குகள். அந்த வளாகத்தின் கீழ்த்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு சின்ன நைட் கிளப். 1969-இல் பம்பாயில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண் அங்கே மேடை ஏறினார். நைட் கிளப் பாடகி என்றால் இப்படித்தான் உடுத்துவார் என்று ஊருக்கு ஒரு கணக்கு இருந்தது. இவரோ பட்டுப் புடவையில் வந்து, கனத்த குரலில் இங்கிலீஷ் பாட்டுப் பாடினார். கூட்டத்துக்குப் பிடித்துப்போக, உரிமையாளர் இன்னும் ஒரு வாரம் பாடச் சொன்னார். பிறகு கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் டிரிங்காஸ் மேடை, பிறகு இந்தி சினிமா. அவர்தான் உஷா உதுப்.

இரண்டு காரணங்களுக்காக இந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். ஒன்று, ஊரில் மதுவிலக்கு இருக்கிறது, பர்மிட் இல்லாதவர் முன்னால் சட்டப்படி இருந்திருக்கக் கூடியது காபியோ ஜூஸோதான். ஆனாலும் ஒரு நைட் கிளப் நடந்திருக்கிறது, கூட்டமும் வந்திருக்கிறது. இன்னொன்று, உடுப்பு. எந்த இடத்துக்குப் புடவை பொருந்தாது என்று எல்லோரும் நினைத்தார்களோ, அந்த மேடையிலேயே புடவையோடு நின்று ஜெயித்திருக்கிறார். அன்றைக்கு வாசலில் யாராவது உடுப்பைப் பார்த்து நிறுத்தியிருந்தால்?

லைசென்ஸ் போட்ட கதவு

1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-இல் திரும்ப வந்தது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் உருவானது. 2003-இலிருந்து சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது.

பெங்களூருக்குப் போய் வரும் நண்பர்கள் கேட்பார்கள், "ஏன்டா சென்னையில தெருவுக்கு ஒரு நல்ல பப் இல்ல?" நம்ம ஊர் ஆட்களுக்கு ரசனை இல்லை என்பதல்ல பதில். விஷயம் லைசென்ஸில் இருக்கிறது. எஃப்.எல். 2 என்பது கிளப்புகளுக்கு, எஃப்.எல். 3 என்பது நட்சத்திர ஓட்டல்களுக்கு. பல பத்தாண்டுகளாக இங்கே தனி ரெஸ்டாரண்ட் நடத்துபவருக்கு அந்த வழி கிடையாது. அதனால்தான் சென்னையின் பேர்பெற்ற பார்கள் எல்லாம் ஓட்டல்களுக்குள்ளேயே இருக்கின்றன. ஜெமினி ஸ்டுடியோ இருந்த மண்ணில் 2002-இல் வந்த பார்க் ஓட்டலின் லெதர் பார், பாஷா போன்றவை அந்த வகை.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு பக்கம் டாஸ்மாக்கை ஒட்டிய பார், அங்கே யாரும் காலைப் பார்ப்பதில்லை, ஆனால் நிம்மதியாக உட்காரவும் முடியாது, பெண்கள் போவதைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்னொரு பக்கம் நட்சத்திர ஓட்டல். நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு சாதாரண மனுஷன் தன் தங்கச்சியையோ நண்பனையோ கூட்டிக்கொண்டு போய், சாதாரண விலையில், சாதாரண உடுப்பில் உட்காரும் இடத்துக்கு நம் சட்டத்தில் பெயரே இல்லை.

வேட்டியும் செருப்பும்

2014 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் ஒரு புத்தக வெளியீட்டுக்காகச் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்புக்குப் போனார். வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடவில்லை. சட்டசபையில் எல்லாக் கட்சிகளும் கொதித்தன. அடுத்த மாதமே சட்டம் வந்தது: வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்து வருபவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

நல்ல சட்டம். ஆனால் இரண்டு விஷயம் தோன்றியது. நீதிபதியை நிறுத்திய பிறகுதான் அந்தக் கதவு ஊர் கண்ணில் பட்டது. அதற்கு முன் எத்தனை வேட்டிகள் ஓசையில்லாமல் திரும்பிப் போயிருக்கும்? அடுத்தது, அந்தச் சட்டம் உடையைத்தான் காப்பாற்றுகிறது. அத்தை பையனின் செருப்புக்கு அதில் இடம் இல்லை.

மெட்ராஸ் கிளப் வெளியே நிறுத்தியவர்கள் காஸ்மோபாலிடன் கட்டினார்கள். அதற்கும் வெளியே நின்றவர்களைப் பற்றி உள்ளே சீட்டாடியவர்கள் எவ்வளவு நேரம் யோசித்திருப்பார்கள்? படிக்கும்போது அவர்கள்மேல் கோபம் வந்தது. அப்புறம் அந்த நாற்பது நிமிஷம் ஞாபகம் வந்தது. உள்ளே நல்ல பாட்டு. யாரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை, நானும்தான்.

சித்திரையில் அவன் மறுபடி வந்தான். "எங்கயாவது ஸ்டைலா கூட்டிட்டுப் போறேன், ஷூ வாங்கித் தரட்டா?" என்றேன். "அதெல்லாம் வேண்டாம் அத்தான், கால் கடிக்கும்." முதலில் செம்மொழிப் பூங்காவுக்குப் போனோம். 2008-இல் டிரைவ்-இன் மூடிய பிறகு அந்த இடத்தில் வந்தது அது. தோசை இல்லை, மரங்கள் இருக்கின்றன. அங்கிருந்து ஆட்டோ பிடித்து எக்ஸ்பிரஸ் அவென்யூ. வாசலில் பையை சோதித்தார்கள், காலை யாரும் பார்க்கவில்லை. மேலே சாப்பாட்டுக் கூடத்தில் ஆளுக்கொரு தட்டோடு உட்கார்ந்து மெட்ராஸ் கிளப் கதையைச் சொன்னேன்.

முழுசாகக் கேட்டுவிட்டு, சாஸைப் பிதுக்கிக்கொண்டே கேட்டான்:

"அப்போ வெள்ளைக்காரன் நம்ம ஆளுவள வெளிய நிறுத்திட்டு, எம்புட்டு நேரம் உள்ள இருப்பான் அத்தான்? ஒரு நாப்பது நிமிஷம் இருப்பானா?"