மெலிந்த இணைப்பில் கைப்பேசி மிகைமெய்

கைப்பேசிக் கேமரா காட்டும் காட்சியின்மேல், அங்கே இல்லாத பொருளை இருப்பதுபோலவே பொருத்திக் காட்டுவது ஆக்மென்டட் ரியாலிட்டி எனப்படும் மிகைமெய். 2017இல் ஆப்பிள் ஏஆர்கிட் என்ற மென்பொருள் தொகுப்பையும் கூகுள் ஏஆர்கோர் என்ற தொகுப்பையும் அறிவித்தபின், தனிக் கருவி இல்லாமலேயே இது பலர் கைக்கு வந்தது. இணைப்பு மெலிந்த இடங்களில் இது தடுமாறும்போது, வேகமான இணையம் வந்தால் சரியாகிவிடும் என்பதே வழக்கமான பதில். அது பாதிதான் சரி. எந்த வேலையை இணையத்திடம் விடலாம், எதை ஒருபோதும் விடக்கூடாது என்று வடிவமைப்பாளர் பிரிப்பதைப் பொறுத்தே பயனரின் அனுபவம் பெரிதும் அமைகிறது.

நொடிக்கு 30 சட்டகங்கள் காட்டும் திரையில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது சுமார் 33 மில்லிநொடி. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சர்வருக்குப் போய்வரவே 10 மில்லிநொடி ஆகிவிடும். செல் கோபுரத்தில் காத்திருப்பது, படத்தைச் சுருக்கி விரிப்பது, கணிப்பது எல்லாம் அதற்கு மேல். சிக்னல் குறைந்த இடத்தில் இந்த நேரம் நூறு மில்லிநொடியைத் தாண்டலாம், கணத்துக்குக் கணம் மாறவும் செய்யும். கணிப்பு இப்படித் தாமதமானால், கையை அசைத்ததும் தரையில் நிற்பதாகக் காட்டிய நாற்காலி நழுவி மிதக்கும். தரவின் அளவும் தடைதான். 1080பி காட்சியைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்குச் சுமார் 750 மெகாபிட் ஆகும். சுருக்கினால் சில மெகாபிட்டில் அடங்கும். ஆனால் பொருளை அடையாளம் காண உதவும் நுண்ணிய ஓரங்கள் மங்கும். ஆகவே கைப்பேசி எங்கே இருக்கிறது, எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்ற கணிப்பு கருவிக்குள்ளேயே நடக்க வேண்டும். ஏஆர்கிட், ஏஆர்கோர் இரண்டும் கேமராவையும் அசைவுணரிகளையும் இணைத்து, இணையமின்றியே இதைச் செய்கின்றன.

சற்றுத் தாமதமானாலும் பழுதாகாத வேலைகளை இணையத்திடம் விடலாம். தெருவின் படத்தை அனுப்பி இடத்தை உறுதிசெய்வது அப்படிப்பட்டது. படம் எடுத்த கணத்தில் கருவி இருந்த நிலையைக் குறித்து வைத்துக்கொண்டால், பதில் இரண்டு நொடி கழித்து வந்தாலும் இடையில் நடந்த அசைவைக் கூட்டிப் பொருத்திவிடலாம். முப்பரிமாண உருவங்களை டிராக்கோ போன்ற முறையில் சுருக்கி, முதலில் எளிய வடிவத்தையும் பிறகு நுணுக்கங்களையும் அனுப்பலாம். 2015இல் கூகுள் டிரான்ஸ்லேட் அறிவிப்புப் பலகை எழுத்துகளைப் படிக்கும் நரம்பு வலையமைப்பைக் கைப்பேசிக்குள்ளேயே அடக்கியது. அதற்காக மிகச் சிறிய வலையமைப்பை உருவாக்கி, எழுத்துகள் சிறிதளவே சாய்ந்திருக்கும் மாதிரிகளைக் கொண்டு பயிற்றுவித்தார்கள். எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தெரிந்து எடுத்த முடிவு அது.

5ஜியும் அருகிலேயே நிறுவும் சர்வர்களும் இந்தக் கவலையைத் தீர்க்கும் என்று வாதிடலாம். சென்னை ஐஐடியில் படித்த மகாதேவ் சத்தியநாராயணனும் உடன் ஆய்வாளர்களும் 2009இலேயே ‘கிளவுட்லெட்’ என்ற பெயரில் அருகமைச் சர்வர்களை முன்மொழிந்தனர். தொலைவால் வரும் தாமதத்துக்கு அது நல்ல மருந்து. நெரிசலுக்கு அது முழு மருந்தாகாது. 2017 ஜூலையில் சிகாகோவின் கிராண்ட் பூங்காவில் நடந்த, போகிமான் கோ என்ற மிகைமெய் விளையாட்டின் விழாவில், பெருநகரின் நடுவிலேயே செல்பேசி இணைப்பு கூட்டத்தைத் தாங்காமல் திணறியது; சர்வர் கோளாறுகளும் சேர, நுழைவுக் கட்டணத்தை விளையாட்டை நடத்திய நயான்டிக் நிறுவனம் திருப்பித் தந்தது. மலிவான கைப்பேசிகள் சூடாகிவிடும், மின்கலம் தீர்ந்துவிடும் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. அத்தகைய கைப்பேசிகளில் பொருளை அடையாளம் காணும் கனமான கணிப்பைச் சில சட்டகங்களுக்கு ஒருமுறை மட்டும் செய்து, இடையில் எளிய பின்தொடர்தலால் நிரப்பலாம். காட்சியை இடைவிடாது அனுப்பும் ரேடியோவும் மின்கலத்தைத் தின்னும் என்பதால், எல்லாவற்றையும் சர்வருக்குத் தள்ளுவது அந்தப் பயனருக்குச் சேமிப்பாகாது. வழிகாட்டும் செயலியில் இடம் உறுதியாகாதபோது அம்புக்குறியை மறைத்துச் சாதாரண வரைபடத்துக்கு மாறுவதும் இந்த வடிவமைப்பின் பகுதியே; நாற்சந்தியில் தவறான பக்கம் காட்டும் அம்பு, நடந்து செல்பவரை வாகனங்களுக்கு நடுவே தயங்க வைக்கும்.