தக்காணத்தில் ஊசி திருத்திய வித்தை

1932ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நிஜாம் சமஸ்தானத்தின் ரயில்வே இலாகா 27 பஸ்களையும் 166 ஊழியர்களையும் கொண்டு சாலைப் போக்குவரத்தைத் தொடங்கிய நாளிலிருந்தே, மோட்டார் யந்திரங்களைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் ஹைதராபாத்துக்கு இன்றியமையாதனவாயின. 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயர் சூட்டப்பெற்ற செகந்தராபாத்தின் ராணுவக் குடியிருப்பும், 1942இல் தோன்றிய ஆல்வின் உலோகத் தொழிற்சாலையும், சுதந்திரத்துக்குப் பின் செகந்தராபாத்தில் வளர்ந்த ராணுவத்தின் ஈ.எம்.இ. பொறியியல் கல்லூரியும் அக்கைகளைப் பழக்கிய பள்ளிகள் எனலாம். முறையாகப் பயின்றவர் சிலரே. அவர்களருகில் நின்று கண்ணால் கற்றவர் பலர். ‘உஸ்தாத்’ என்று மரியாதையாக அழைக்கப்படும் மூத்த மெக்கானிக்கும், அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் ‘ஷாகிர்த்’ என்னும் சிறுவனும் சேர்ந்து நடத்தும் பட்டறை மரபு இந்நகரில் வேரூன்றிய விதம் இதுவே.

அம்மரபுக்கு ஏற்ற யந்திரம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டுடன் கைகோத்து, புல்லட் 350 மோட்டார் சைக்கிளைச் சென்னையில் பூட்டத் தொடங்கிற்று. 1961இல் மைசூரிலிருந்து ஜாவாவும், அதே பத்தாண்டில் எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத்தும் வந்து சேர்ந்தன. இவை அனைத்துக்கும் உயிர்நிலை, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர். அந்தக் கார்புரேட்டருக்குள் உயிர்நிலை, ஒரு விரல் நீளமும் இல்லாத பித்தளை அல்லது எஃகு ஊசி.

ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது ‘ஸ்லைடு’ எனப்படும் உருளை மேலெழுகிறது. அதனின்று தொங்கும் கூம்பிய ஊசியும் உடன் எழ, ஊசிக்கும் அது நுழையும் ‘ஜெட்’ என்னும் துளைக்குழலுக்கும் இடையிலுள்ள வளைய இடைவெளி விரிந்து, பெட்ரோல் அதிகமாக மேலேறிக் காற்றோடு கலக்கிறது. ஊசியின் தலைப்பில் வெட்டியுள்ள காடிகளில் ஒன்றில் சிறு கிளிப் மாட்டப்படும். கிளிப்பை ஒரு காடி கீழிறக்கினால் ஊசி உயர்ந்து கலவையில் பெட்ரோல் மிகும்; ஒரு காடி மேலேற்றினால் ஊசி தாழ்ந்து பெட்ரோல் குறையும். கிளிப் காடியில் சரியாக அமராவிட்டாலும், ஊசி மயிரிழை வளைந்தாலும், ஓயாத அதிர்வினால் ஊசி உராய்ந்து ஜெட்டின் வட்டத் துளை நீள்வட்டமாய்த் தேய்ந்தாலும், வண்டியின் குணமே மாறிவிடும்.

இக்கோளாறைக் கண்டறிவதில்தான் உஸ்தாதின் மேதை விளங்கிற்று. வண்டி நின்றவாக்கில் சீராக ஓடுகிறது; முழு வேகத்திலும் குறையில்லை; ஆனால் நடுவேகத்தில் மட்டும் இருமுகிறது, புகை கக்குகிறது, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி படிந்திருக்கிறது. நின்ற ஓட்டத்தை ஆள்வது பைலட் ஜெட். முழு வேகத்தை ஆள்வது மெயின் ஜெட். ஏறத்தாழ கால் பங்கு திறப்பிலிருந்து முக்கால் பங்கு வரை ஆள்வதோ ஊசி. ஆகவே குற்றம் ஊசியினுடையதே என்று முடிவு கட்டுவது, தர்க்க சாஸ்திரிகள் அனுமானம் என்று வகுத்த பிரமாணத்தின் பிரத்யக்ஷப் பிரயோகமன்றி வேறில்லை. எந்த மீட்டரும் இல்லாமல், காதையும் பிளக்கின் நிறத்தையும் மட்டுமே சாட்சிகளாகக் கொண்டு இம்முடிவுக்கு வந்தார்கள் என்பதே வியப்புக்குரியது.

நிலத்தின் இயல்பும் இதில் பங்கு கொண்டது. ஹைதராபாத் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 540 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்குள்ள காற்று சென்னைக் கடற்கரைக் காற்றைவிட ஏறக்குறைய ஐந்து சதவிகிதம் அடர்த்தி குறைந்தது. கடலோரத்தில் ஒழுங்குபடுத்திய புல்லட் தக்காணப் பீடபூமிக்கு ஏறினால், அதன் கலவையில் பெட்ரோலின் விகிதம் சற்றே கூடிவிடும். வித்தியாசம் சொற்பம், ஆயினும் ஊசியின் வேலை முழுவதும் சொற்பங்களில்தான் நடக்கிறது.

1983இல் வந்த ராஜ்தூத் 350 இவ்வித்தைக்குக் கடும் பரீட்சையாயிற்று. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். இரு ஊசிகளும் ஒரே காடியில் நிற்பது மட்டும் போதாது, இரு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழவேண்டும். இரண்டு கேபிள்களில் ஒன்று சிறிது தளர்ந்தாலும் ஒரு சிலிண்டர் உழைக்க, மற்றது சுமையாகும். செகந்தராபாத் ராணிகஞ்சின் உதிரிபாகக் கடைகளில் எண் பொறித்த ஜெட்டுகளையும் ஊசிகளையும் பொறுக்கியெடுத்து இவ்வண்டிகளை இசைய வைத்தவர்கள், எழுதப்படிக்கத் தெரியாதவர்களாயினும் அளவறிந்தவர்கள்.

பின்னர் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாயின. பல மாடல்களின் ஊசிகளில் மாற்றியமைக்கக் காடிகளே இல்லாமற் போயின. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி பி.எஸ். 6 விதி அமலுக்கு வந்தபோது, பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தைப் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரும் கணிப்பொறியும் ஏற்றுக்கொண்டன. காற்றுத் தூய்மைக்கு இது நன்மையே. அதைக் குறைகூறுவது பேதைமை. ஆயின் ஒரு தலைமுறை கேள்வியால் மட்டுமே காத்துவந்த ஞானம் எந்த நூலிலும் முறையாக ஏறவில்லை என்பது நமது குறை. அரண்மனைகளுக்கும் கோட்டைகளுக்கும் ஆவணம் தேடும் நம் சரித்திர ஆசிரியர்களும், தொழிற்பயிற்சி நிலையங்களும், இன்னும் பட்டறைகளில் உட்கார்ந்திருக்கும் மூத்த உஸ்தாதுகளை நாடிச் சென்று, அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே எழுதி வைப்பார்களாக.