காட்சியும் சான்றும்: எல்.கே.-99 குறித்த பொதுவெளி விவாதத்தின் வரலாறு (2023)

ஆய்வுச்சுருக்கம்

அறை வெப்பநிலையிலும் இயல்பான காற்றழுத்தத்திலும் இயங்கும் மீக்கடத்தி ஒன்று கண்டறியப்பட்டதாகத் தென்கொரிய ஆய்வாளர்கள் 2023 ஜூலை இறுதியில் அறிவித்தனர். இயற்பியலாளர் வட்டத்தைக் கடந்து இவ்வறிவிப்பு ஏறத்தாழ மூன்று வாரங்கள் உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. அவ்விவாதத்தில் எவ்வகைச் சான்று எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சான்றின் வலிமையைக் காட்டிலும் அது வந்துசேர்ந்த வடிவமும் மொழியும் இடமுமே அதன் செல்வாக்கைத் தீர்மானித்தன என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மீக்கடத்தி, எல்.கே.-99, முன்னச்சு, மறுசோதனை, அறிவியல் செய்தி, பொதுவெளி

முன்னுரை

அறிவியல் செய்தியைப் பற்றிப் பொதுவெளியில் வாதிடும் வழக்கம் புதிதன்று. 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் குளிர்நிலை அணுக்கரு இணைவு அறிவிக்கப்பட்டபோது, கட்டுரை அச்சாவதற்கு முன்பே அதன் படிகள் தொலைநகல் வழியே ஆய்வகம் விட்டு ஆய்வகம் சென்றன. அன்றைய கணினி வலையமைப்பில் அதற்கெனத் தனி விவாதக் குழுவும் தோன்றியது. எனினும் அவ்வலையமைப்பை எட்டக் கூடியவர்களாக இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தினரும் ஆய்வக ஊழியருமே. 2023இல் கைப்பேசி வைத்திருந்த எவரும் அவைக்கு வரலாம் என்ற நிலை இருந்தது. வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்பதே இங்குக் கேள்வி.

மீக்கடத்தி என்பதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. முதலாவது, குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அதன் மின்தடை முற்றிலும் மறைந்துபோதல். நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் 1911இல் பாதரசத்தில் இதனை 4.2 கெல்வின் வெப்பநிலையில் கண்டார். இரண்டாவது, காந்தப்புலத்தைத் தன்னுள்ளிருந்து வெளியேற்றுதல். இதற்கு மெய்ஸ்னர் விளைவு என்று பெயர். 1986இல் சூரிச் நகரின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்ட்ஸும் மியூல்லரும் தாமிர ஆக்சைடு வகையில் மீக்கடத்துத்திறனைக் கண்டறிந்தபின் வெப்பநிலை வரம்பு விரைந்து ஏறியது. ஆயினும் இயல்பான அழுத்தத்தில் அது ஏறத்தாழ 135 கெல்வினைத் தாண்டவில்லை. அது சுழியத்திற்குக் கீழே 138 டிகிரி செல்சியஸ் ஆகும். அறை வெப்பநிலை என்பது அன்றும் இன்றும் தொலைவில் உள்ள இலக்கே.

இவ்விரு அடையாளங்களுள் ஒன்று கருவியில் தோன்றும் எண். மற்றொன்று கண்ணுக்குத் தெரியும் காட்சி. காந்தத்தின்மேல் மிதக்கும் துண்டை எவரும் பார்த்து வியக்கலாம். எல்.கே.-99 விவாதத்தின் போக்கை இவ்வேறுபாடே பெரிதும் வழிநடத்தியது.

பெங்களூரில் ஒரு முன்நிகழ்வு

2018 ஜூலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர் இருவர், பொன்னும் வெள்ளியும் கலந்த நுண்துகள்களில் 236 கெல்வின் வெப்பநிலையிலேயே மீக்கடத்துத்திறன் தென்பட்டதாக ஆர்க்கைவ் தளத்தில் முன்னச்சு வெளியிட்டனர். அடுத்த மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பிரையன் ஸ்கின்னர் அதிலிருந்த ஒரு வரைபடத்தில் விந்தையான ஒன்றைக் கவனித்தார். வெவ்வேறு காந்தப்புலங்களில் எடுக்கப்பட்ட இரு அளவீடுகளில், தற்செயலாக ஏறி இறங்க வேண்டிய இரைச்சல் புள்ளிகள் ஒன்றுபோலவே அமைந்திருந்தன. இரைச்சலுக்கு நினைவாற்றல் கிடையாது. அது தன்னைத் தானே திரும்பச் சொல்வதில்லை. ஆசிரியர்கள் 2019இல் கூடுதல் தரவுகளுடன் திருத்திய வடிவத்தை வெளியிட்டனர். இயற்பியலாளரிடையே ஐயம் நீங்கியதாகக் கூற இயலாது.

இங்குக் கருதத்தக்கது ஒன்று. முறையான மதிப்பீட்டுக்கு வெளியே, அழைப்பின்றி வந்த ஒரு வாசகரே குறையைக் கண்டார். அவருக்கு உதவியது பொறுமையாகப் படிக்கத்தக்க வரைபடம். ஆகவே திறந்த விவாதம் அறிவியலுக்குப் பகை என்று பொதுவாகச் சொல்லிவிடுவது பொருந்தாது. விவாதத்தின் முன் என்ன வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது.

ஏப்ரலில் வந்ததும் ஜூலையில் வந்ததும்

லீ சுக்-பே, கிம் ஜி-ஹூன் ஆகியோரின் பெயர் முதலெழுத்துகளும் 1999 என்ற ஆண்டும் சேர்ந்து எல்.கே.-99 என்ற பெயர் அமைந்தது. காரீயமும் பாஸ்பேட்டும் கொண்ட அபடைட் வகைக் கனிமத்தில் காரீயத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகத் தாமிரம் புகுத்தப்பட்ட பொருள் அது. செய்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது: காரீயமும் கந்தகமும் உடைய லானர்கைட்டைத் தாமிர பாஸ்பைடுடன் கலந்து, காற்று நீக்கிய குழாயில் அடைத்து, 925 டிகிரி செல்சியஸில் சில மணிநேரம் சுட வேண்டும். வைர அழுத்திகளோ திரவ ஹீலியமோ தேவையில்லை.

2023 ஜூலை 22 அன்று ஆர்க்கைவ் தளத்தில் இப்பொருள் குறித்து இரண்டு முன்னச்சுகள் சில மணிநேர இடைவெளியில் வெளிவந்தன. ஒன்றில் மூன்று ஆசிரியர்கள். மற்றொன்றில் ஆறு பேர். நோபல் பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது என்ற விதியை நினைவுகூர்ந்து வாசகர்கள் உடனே கதை புனையத் தொடங்கினர். 400 கெல்வின், அதாவது 127 டிகிரி செல்சியஸ் வரை இப்பொருள் மீக்கடத்தியாக இருக்கும் என்பதே கட்டுரைகளின் உரிமைகோரல்.

ஆனால் உரிமைகோரல் ஜூலையில் பிறந்ததன்று. அதே ஆய்வுக் குழு ஏப்ரல் மாதமே படிக வளர்ச்சி குறித்த கொரிய ஆய்விதழ் ஒன்றில் இப்பொருளைப் பற்றிக் கொரிய மொழியில் கட்டுரை வெளியிட்டிருந்தது. அது அச்சேறி ஏறத்தாழ மூன்று மாதங்கள் உலகம் அமைதியாகவே இருந்தது. ஆங்கிலத்தில் வந்த மூன்றாம் நாள் பொருள் உலகப் பேச்சானது. ஒரு மொழியில் அச்சிடப்படுவதும் உலகின் பார்வைக்கு வருவதும் வேறுவேறு நிகழ்வுகள் என்பதைத் தமிழில் ஆய்வு எழுதுவோர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இவ்வேறுபாட்டை நாள் கணக்கில் அளந்துகாட்டும் நிகழ்வுகள் அரிது, இது அத்தகையது.

ஜூலை 31, ஆகஸ்ட் 1

முன்னச்சுகளோடு ஒரு காணொலியும் வந்தது. கருநிறச் சில்லு ஒன்று காந்தத்தின்மேல் ஒரு முனை தூக்கி நிற்க, மறுமுனை காந்தத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. முழுமையாக மிதக்காததற்குக் காரணம் மாதிரியின் தூய்மைக் குறைவு என்று ஆசிரியர்கள் கூறினர். இவ்விளக்கம் பின்னர் விவாதம் முழுவதிலும் கேடயமாகப் பயன்பட்டது. எந்த மாதிரி தோற்றாலும் அது சரியாகச் செய்யப்படவில்லை என்று சொல்ல அது இடம்தந்தது.

முதல் மறுசோதனை முடிவுகள் ஜூலை 31 அன்றே வந்தன. புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வி.பி.எஸ். அவானா தலைமையிலான குழு, கொரியச் செய்முறையைப் பின்பற்றிப் பொருளைத் தயாரித்து, ஊடுகதிர் ஆய்வில் கட்டமைப்பு ஒத்திருப்பதையும் காட்டியது; ஆனால் அம்மாதிரி காந்தத்தின்மேல் மிதக்கவில்லை, அறை வெப்பநிலையில் மீக்கடத்துத்திறனும் தென்படவில்லை. பெய்ஜிங்கின் பெய்ஹாங் பல்கலைக்கழகக் குழுவும் அதே நாளில் ஏறத்தாழ அதே முடிவை அறிவித்தது. இவ்வாறு, அறிவிப்பு வெளிவந்த ஒன்பதாம் நாளிலேயே, இரு நாடுகளில் தனித்தனியே செய்யப்பட்ட இரு சோதனைகள் எதிர்மறையாக முடிந்திருந்தன.

அதே ஜூலை 31 அன்று அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் ஷினேட் கிரிஃபின் ஒரு கணிப்புக் கட்டுரையைப் பதிவேற்றினார். இப்படிகத்தில் தாமிரம் குறிப்பிட்ட இடத்தில் அமர்ந்திருந்தால், எலக்ட்ரான் ஆற்றல் பட்டைகள் தட்டையாக இருக்கும் என்று அவரது கணக்கீடு காட்டியது. அத்தகைய பட்டைகள் உயர்வெப்பநிலை மீக்கடத்திகளில் காணப்படுபவை. அவை இருந்தால் மட்டும் பொருள் மீக்கடத்தி ஆகிவிடாது. ட்விட்டர் தளத்தில் (எக்ஸ் என்று அது பெயர்மாறிச் சில நாள்களே ஆகியிருந்தன) ஒபாமா ஒலிவாங்கியைக் கைவிட்டு அகலும் அசைபடத்தோடு அவர் கட்டுரையைப் பகிர்ந்தார். பெர்க்லி ஆய்வகம் உறுதிசெய்துவிட்டது என்று மறுநாள் உலகம் படித்தது. தம் கட்டுரை மீக்கடத்துத்திறனுக்குச் சான்றாகாது என்று அவர் பின்னர் விளக்கியது, அசைபடம் சென்ற தொலைவுக்குச் செல்லவில்லை.

ஆகஸ்ட் 1 அன்று சீனாவின் ஹுவாஜோங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு பிலிபிலி தளத்தில் ஒரு காணொலி வெளியிட்டது. கண்ணுக்கு அரிதாகத் தெரியும் துகள் ஒன்று காந்தம் நெருங்கும்போது எழுந்து நின்றது. இக்காட்சி மின்தடையை அளந்து காட்டியதன்று. மெய்ஸ்னர் விளைவை நிறுவியதுமன்று. டயா காந்தப் பண்பு வலுவாக உள்ள கிராஃபைட் துகளும் அவ்வாறு எழும். ஆயினும் தில்லி, பெய்ஹாங் முடிவுகளை ஒரே இரவில் இக்காணொலி பின்னுக்குத் தள்ளியது. தென்கொரியப் பங்குச்சந்தையில் மீக்கடத்தியோடு தொடர்புடையவை எனக் கருதப்பட்ட நிறுவனங்களின் பங்குகள் ஏறின. பொருள் மெய்யா பொய்யா என்பதன்மேல் பந்தயம் வைக்கும் தளங்கள் பரபரப்பாயின. கலிபோர்னியாவில் பொறியாளர் ஒருவர் உலையில் இப்பொருளைச் சுடுவதை நேரலையில் பல்லாயிரவர் பார்த்தனர்.

எதிர்மறை முடிவு ஏன் எடுபடவில்லை? தில்லியில் செய்யப்பட்டது என்பதால் மட்டுமே அது ஒதுக்கப்பட்டது என்று கூறுவது மிகையாகும். பெய்ஹாங் முடிவுக்கும் அதே கதியே நேர்ந்தது. எனினும் பெர்க்லி என்ற பெயருக்குக் கிடைத்த உடனடி நம்பிக்கையும் தில்லிச் சோதனைக்குக் கிடைத்த உடனடி ஐயமும் அருகருகே வைத்துப் பார்க்கத்தக்கவை. முன்னது பொருளைத் தொடாத கணக்கீடு. பின்னது பொருளைச் செய்து பார்த்த சோதனை. இதைவிட அடிப்படையான காரணம் ஒன்றும் உண்டு. மிதக்காத சில்லைக் காணொலியாக எடுத்தால் அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. காந்தத்தின்மேல் ஒரு கல் கிடக்கும்; அவ்வளவுதான்.

104.8 என்னும் எண்

ஜூலை 22 கட்டுரையில் ஓர் எண் எல்லார் கண்முன்னும் இருந்தது. 104.8 டிகிரி செல்சியஸ் அருகே பொருளின் மின்தடை எண் ஏறத்தாழ 0.02 ஓம்-சென்டிமீட்டரிலிருந்து 0.002க்கு, அதாவது பத்தில் ஒரு பங்காக, திடீரென வீழ்ந்தது. ஆதரித்தோர் இதை மீக்கடத்துத்திறனின் தொடக்கமாகக் கண்டனர். எதிர்த்தோர் சுழியத்திற்கு இறங்காத வீழ்ச்சி மீக்கடத்துத்திறன் ஆகாது என்றனர். அந்த வெப்பநிலை ஏன் அவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்று கேட்டவர் மிகச் சிலரே.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின் அவ்வெண்ணைப் பார்த்ததும் அடையாளம் கண்டார். அவர் முன்னரே ஆராய்ந்துவந்த தாமிர சல்ஃபைடு ஏறத்தாழ 104 டிகிரியில்தான் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். அப்போது அதன் மின்தடையும் சரேலெனக் குறையும். இது பல பத்தாண்டுகளாக நூல்களில் உள்ள செய்தி. எல்.கே.-99 செய்முறையின் வேதிச் சமன்பாட்டைக் கணக்கிட்டால், உருவாகும் படிகத்தின் ஒவ்வொரு பங்கிற்கும் 17 பங்கு தாமிரமும் 5 பங்கு கந்தகமும் மிஞ்சும். அவை தாமிர சல்ஃபைடாகக் கலந்திருப்பதில் வியப்பில்லை. பெய்ஜிங்கில் சீன அறிவியல் கழகத்தின் இயற்பியல் நிறுவனக் குழு, தாமிர சல்ஃபைடு கலந்த மாதிரிகளைத் தயாரித்து அளந்து இவ்விளக்கத்தை வலுப்படுத்தியது. பாதி மிதப்பதற்கான காரணம் பீகிங் பல்கலைக்கழக ஆய்வில் தெளிவாயிற்று: மாதிரியில் ஃபெர்ரோ காந்தப் பகுதிகள் இருந்தன, இரும்புத் துகள் காந்தத்தின்மேல் நட்டு நிற்பது போன்றதே அது.

ஆகஸ்ட் நடுவில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் கந்தகக் கலப்பே இல்லாத தூய ஒற்றைப் படிகங்களை வளர்த்தனர். அவை ஊதா நிறமும் ஒளி ஊடுருவும் தன்மையும் கொண்டிருந்தன. அவற்றின் மின்தடை பல மில்லியன் ஓம். மீக்கடத்தி என்று கொண்டாடப்பட்ட பொருள், தூய நிலையில் மின்காப்புப் பொருளாக இருந்தது. தூய்மைக் குறைவால்தான் மிதக்கவில்லை என்ற வாதத்திற்கு இதனினும் நேரான மறுப்பு இருக்க முடியாது. காட்டிய பண்பெல்லாம் அந்தத் தூய்மைக் குறைவிலிருந்தே வந்திருந்தது.

விடை கண்டவர்கள் காணொலிகளை மேலும் கூர்ந்து பார்த்தவர்கள் அல்லர். ஒருவர் பழைய வேதியியல் செய்தியை நினைவில் வைத்திருந்தார்; மற்றவர்கள் பொருளை மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தினர். அதே வேளையில், இவ்வளவு ஆய்வகங்கள் தம் வழக்கமான பணிகளை ஒதுக்கிவைத்து ஒரே மாதத்திற்குள் விடை கண்டதற்குப் பொதுமக்களின் ஆரவாரமே உந்துதலாக இருந்தது என்பதையும் மறுக்க இயலாது. ஏப்ரல் கட்டுரை கொரிய இதழிலேயே தங்கியிருந்தால், தாமிர சல்ஃபைடு கலந்த அந்தச் சில்லு மீக்கடத்தி என்ற பெயருடனேயே ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கக் கூடும்.

தென்கொரியாவின் மீக்கடத்தி, தாழ்வெப்பவியல் கழகம் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே சரிபார்ப்புக் குழு ஒன்றை அமைத்திருந்தது. உள்நாட்டு ஆய்வகங்கள் செய்த மறுசோதனைகள் எதிலும் மீக்கடத்துத்திறன் தென்படவில்லை என்ற அதன் அறிக்கை 2023 டிசம்பரில் வெளிவந்தது. அதனோடு காணொலி எதுவும் பரவவில்லை. ஆகஸ்டில் இரவு பகலாக வாதிட்டவர்களுள் பெரும்பாலோர் அதற்குள் வேறு செய்திகளுக்குச் சென்றிருந்தனர்.