லஃபோரா நோயும் ஒரு நொதியமும்

முல்லைத்தீவுக் கரையிலே நாயாற்றுக் களப்பு ஒடுங்கிய வாயொன்றினாற் கடலோடு கூடுகின்றது. அவ்வழியே நீர் வருதலும் வேண்டும், போதலும் வேண்டும். மனித உடலின் கலங்களிலும் இத்தகைய வரவு செலவு உண்டு. புரதம் முதலிய பொருள்களிற் பொசுபேற்று என்னும் சிறு கூற்றைப் பொருத்தும் நொதியங்கள் சில. அதனைக் கழற்றுவன வேறு சில. கழற்றுவனவற்றுக்குப் பொசுபற்றேசு என்று பெயர். அவ்வேலை தவறின் விளையும் கேடு யாது?

1911ஆம் ஆண்டில், வாஷிங்டன் நகரிற் பணியாற்றிய கொன்சாலோ லஃபோரா என்னும் ஸ்பானிய மருத்துவர், வலிப்பு நோயால் இறந்த இளைஞர் ஒருவரின் மூளையை ஆராய்ந்தார். நரம்புக் கலங்களுள்ளே உருண்டையான படிவுகளைக் கண்டார். அந்நோய் அவர் பெயரையே பெற்றது. நன்றாகப் படித்து விளையாடிய பிள்ளையைப் பதின்ம வயதில் வலிப்புப் பற்றும், கைகால் வெட்டியிழுக்கும், நினைவு தேயும், ஏறக்குறைய பத்தாண்டுகளில் உயிர் பிரியும்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால் மாத்திரமே இந்நோய் தோன்றும். பெற்றோரோ நோயற்றவர்கள். அத்தகைய இருவருக்குப் பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவுக்குள் மணம் செய்யும் வழக்கமுள்ள தென்னிந்தியாவிலும் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளமை நம்மவர் சிந்திக்கத்தக்கது.

1998இல் அம்மரபணு வெளிப்பட்டது. அது ஆக்கும் புரதத்துக்கு லஃபோரின் என்று பெயரிட்டனர். அது ஒரு பொசுபற்றேசு என்பதை 2000ஆம் ஆண்டில் நிறுவியவர்களுள், அப்போது ஜப்பானிற் பணியாற்றிய இந்திய அறிஞர் சுப்பிரமணியம் கணேஷ் முதன்மையானவர். பின்னர் அவர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அவ்வாய்வைத் தொடர்ந்தார். 2002இல், இம்மரபணு நீக்கப்பட்ட எலிகளின் மூளையிலும் அதே படிவுகள் தோன்றின. கலம் சேமிக்கும் மாப்பொருளாகிய கிளைக்கோசனிலிருந்து லஃபோரின் பொசுபேற்றைக் கழற்றுகின்றது என்பதும் பின்னர் அறியப்பட்டது. லஃபோரின் இல்லாவிடின் கிளைக்கோசன் கரையாது திரண்டு நரம்பை அழிக்கும்.

புற்றுநோயிலும் இக்குடும்பத்துக்குப் பங்குண்டு. 1997இல் அறியப்பட்ட பிடென் என்னும் பொசுபற்றேசு கலத்தின் மிகை வளர்ச்சிக்குத் தடையாய் நிற்பது; மூளை, மார்பகம் முதலியவற்றின் புற்றுநோய்கள் பலவற்றில் அது பழுதுற்றிருக்கும். லஃபோரின் குன்றினும் கட்டி வளரக்கூடும் என்று எலிகளில் நிகழ்ந்த ஆய்வொன்று 2006இல் அறிவித்தது.

லஃபோரா நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் கைவரவில்லை. ஆயினும், வலிப்புற்ற பிள்ளையைப் பேய் பிடித்தது என்றோ, பெற்றவர் செய்த பாவம் என்றோ கூறுவதற்கு இனி இடமில்லை. ஐயமுள்ள குடும்பம் மரபணுச் சோதனையால் உண்மையை அறியலாம். திருமணத்துக்கு முன்னரே அறிவுரை பெறலாம். ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி அக்குடும்பங்களுக்கு இதுவரை அளித்துள்ள பயன் இதுவே.